வளைய வேண்டியது எது?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். "அடியாத மாடு படியாது" என்பது அதற்குத் துணையாக வரும் மற்றொரு பழமொழி. இவ்விரண்டையும் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எவரும் இலர். வளைவதும் படிவதும் குழந்தையின் கடமை. வளைப்பதும் படியவைப்பதும் பெரியவர்களின் உரிமை என்ற எண்ணம் இப்பழமொழிகளின் அடியில் இருக்கிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்தின் மீதுதான் எழுந்து நிற்கின்றன.

ஆனால், எவ்வளவு முயன்றாலும் வளையாத குழந்தைகள் சிலர் வகுப்புதோறும் இருக்கிறார்கள். பள்ளி மணி அடித்தவுடன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒளிகிறது ஒரு குழந்தை. தில்லி முதல் சென்னை வரையுள்ள ரயில் நிலையங்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் இன்னொரு குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வாயால் கேட்டால் விடையெல்லாம் சொல்லும் மூன்றாவது குழந்தை, தாளில் எழுதச் சொன்னால் விழிக்கிறது. நான்காவது குழந்தைக்கோ பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதே பெரும் தண்டனை. இவர்களுக்கு நாம் சூட்டியுள்ள பெயர்கள் யாவை? மக்கு, முரடு, திமிர் பிடித்தவன், அரைக்கிறுக்கு!

மருத்துவம் இவர்களுக்கு வேறு பெயர்களைத் தருகிறது. ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி. என்னும் பெயர்களை இன்று நாளிதழ் படிப்போரும் அறிவர். 1990களின் பிற்பகுதியில், ஆட்டிசம் உடையவர்களே முன்னின்று ஒரு புதிய கருத்தை எழுப்பினார்கள். மனித மூளைகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. கேட்பதிலும் பார்ப்பதிலும் கற்பதிலும் பழகுவதிலும் மூளைக்கு மூளை வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு முழுவதையும் நோய் என்று ஒதுக்கலாகாது என்பது அக்கருத்து. இதனையே நரம்பியல் பன்மை என்கிறோம்.

இவர்கள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒருசிலர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பல்வல், காங்ரா, தேங்கானல், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ 4000 குழந்தைகளை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 9 பேருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் நூற்றுக்கு 13 பேருக்கு மேலும் ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிச் சிக்கல் இருப்பதாக அது கண்டது. செவிப்புலன் குறை, பார்வைக் குறை, வலிப்பு முதலியனவும் இக்கணக்கில் அடங்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், நாற்பது பேர் அமரும் வகுப்பில் ஐந்து பேர்! ஐந்து பேரை வளைத்து வளைத்து முறிப்பதா கல்வி?

வளைய வேண்டியது குழந்தையன்று, குழந்தையைச் சுற்றியுள்ள இடமே என்பது என் கருத்து. இடம் என்று நான் சொல்வது நாற்சுவர் மட்டுமன்று. அறை, அன்றாட ஒழுங்கு, மொழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு குழந்தை கற்கும் இடம். மூன்றாவதாகச் சொன்னது, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மை நேராகத் தொடுவது.

பயிற்சி வேண்டா என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. பேச்சுப் பயிற்சியும், கை கால்களையும் புலன்களையும் பழக்கும் பயிற்சியும், சிறப்பு ஆசிரியரின் துணையும் இக்குழந்தைகளுக்கு இன்றியமையாதவை. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம் வீதம் ஒரு குழந்தை தெரபிக்குப் போகிறது. மொத்தம் ஒன்றரை மணி. அக்குழந்தை விழித்திருக்கும் நேரமோ வாரத்திற்குத் தொண்ணூறு மணிக்குக் குறையாது. எஞ்சிய எண்பத்தெட்டு மணியும் வீடும் பள்ளியும் தெருவும் அதற்கு எதிராக நின்றால், ஒன்றரை மணி என்ன செய்துவிடும்?

முதலில் அறையைப் பார்ப்போம்.

நான் இயற்பியல் மாணவன். ஆதலின் ஒலியிலிருந்து தொடங்குகிறேன். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல் எழுந்தால் அது ஐந்தரை வினாடி வரை சுவர்களில் மோதி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. அதைச் சீர்படுத்தும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியருக்கு வந்தது. அவர் வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை அம்மெத்தைகளிலிருந்து பிறந்தது.

அவர் தந்த சூத்திரத்தைக் கொண்டு நம் ஊர் வகுப்பறை ஒன்றைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர். ஆளில்லாதபோது முழக்கம் நான்கு வினாடிக்கு மேல் வருகிறது. நாற்பது குழந்தைகள் அமர்ந்து, சன்னல்களும் திறந்த பின்னும் ஒரு வினாடிக்குக் குறையவில்லை. அமெரிக்க நாட்டில் வகுப்பறைக்கு 2002இல் வகுத்த அளவோ 0.6 வினாடி. நமக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. வேண்டாத ஒலியைத் தள்ளி வேண்டிய ஒலியைப் பிடிக்க நம் மூளை தானே கற்றுக்கொள்கிறது. ஆட்டிசம் உடைய பல குழந்தைகளுக்கு அவ்வடிகட்டல் அவ்வளவு எளிதன்று. மின்விசிறியும், நாற்காலி இழுபடும் ஓசையும், ஆசிரியர் குரலும் ஒரே வலிவோடு வந்து தாக்குகின்றன. புலன்களின் இந்த மிகைக் கூச்சத்தை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. காதைப் பொத்தும் குழந்தை அடம் பிடிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து என்ன? தடித்த திரைச்சீலை, தரையில் விரிப்பு, சுவரில் துணி போர்த்திய மென்பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குமிழ். பழைய சோக்குப் பூட்டிய குழல்விளக்கு வினாடிக்கு நூறுமுறை துடிக்கிறது, அதை மாற்றிவிடலாம். குழந்தை தாங்க முடியாதபோது பத்து நிமிடம் போய் அமர, ஓர் அமைதியான மூலையை ஒதுக்கலாம். இவற்றுள் எதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டும்? எதற்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டும்?

அடுத்தது அன்றாட ஒழுங்கு. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாமல் தவிப்பது இக்குழந்தைகளின் பெருந்துயரம். "இப்போது கணக்கு, பிறகு விளையாட்டு, பிறகு வீடு" என்பதைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால் அத்துயரத்தில் பாதி குறையும். வாய்ச்சொல் காற்றில் மறைந்துவிடும். படம் கண்முன் நிற்கும். எழுத்து மனத்தில் பதியாத குழந்தைக்கு, எழுத்தை விரலால் தடவி, வாயால் சொல்லி, கண்ணால் பார்த்துப் பழகும் முறையை டிஸ்லெக்சியா ஆசிரியர்கள் கையாளுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்களே, அது வேறென்ன? அதே திண்ணைப் பள்ளியில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. நாம் மணலை மறந்துவிட்டோம். பிரம்பைத்தான் நெடுங்காலம் போற்றி வைத்திருந்தோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பழமொழி இன்னும் உயிரோடிருப்பதால் சட்டம் முழுமையாக உயிர் பெறவில்லை.

இனி, மொழிக்கு வருகிறேன். இக்கட்டுரையை நான் எழுதப் புகுந்ததே இதன் பொருட்டுத்தான்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. மூன்று வயதாகியும் பையனுக்குப் பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. "தண்ணி" என்பது அவற்றுள் ஒன்று. ஆட்டிசம் என்றார்கள். பயிற்சி நிலையம் ஒன்றிற்கு அழைத்துப் போனார்கள். அங்கே கிடைத்த முதல் அறிவுரை என்ன தெரியுமா? "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள். இரண்டு மொழி இவன் தலையில் ஏறாது. இந்தியோ ஆங்கிலமோ ஒன்றே பேசுங்கள்" என்பது! அந்த அக்காளுக்குத் தெரிந்த இந்தி, காய்கறிக்காரரிடம் விலை பேசும் அளவுக்கே. "இது என்ன நிறம்? அந்தக் காகம் எங்கே போகிறது பார்!" என்று மகனோடு விளையாட அவரிடம் இந்தி இல்லை. பாட்டிக்கோ தமிழைத் தவிர எதுவும் தெரியாது. பேரனைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சி அந்தப் பாட்டி வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்டார். பேச்சு வர வேண்டிய வீட்டில் பேச்சு ஒழிந்தது. "தண்ணி" என்ற சொல்லும் ஒருநாள் நின்றுபோயிற்று.

இது ஒரு வீட்டுக் கதையன்று. மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்கப் போன மக்கள் உலகெங்கும் கேட்கும் அறிவுரை இது. கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய பெற்றோர் இதையே கேட்டிருக்கிறார்கள். இதற்கு அறிவியல் சான்று உண்டா? வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள் ஒரு மொழி கேட்டு வளர்பவர்களைவிட மொழித் திறனில் பின்தங்கியதாகக் காணவில்லை. குழந்தைக்குப் பேச்சைத் தருவது மொழிகளின் எண்ணிக்கை குறைவதன்று. அன்போடும் தடையின்றியும் தன்னை நோக்கிப் பேசப்படும் சொற்களின் பெருக்கமே.

2015ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உடைய 65 குழந்தைகளின் குடும்பங்களில் அது நடத்தப்பட்டது. பெரிய மருத்துவர்கள் அல்லாமல், பயிற்சி பெற்ற உள்ளூர் நலப் பணியாளர்களே வீடுகளுக்குச் சென்றார்கள். குழந்தை எதை நோக்குகிறதோ அதையே தாமும் நோக்கி, அதன் போக்கிலேயே பேச்சைத் தொடுக்கப் பெற்றோரைப் பழக்கினார்கள். பெற்றோர் குழந்தையோடு இசைந்து பழகும் திறன் வளர்ந்தது. குழந்தைகள் தாமாகத் தொடர்பு கொள்ள முன்வருவதும் கூடிற்று. பெற்றோரே பயிற்சியின் கருவி என்றால், அவர்களின் நாவில் இயல்பாக வரும் மொழியைப் பிடுங்கிவிட்டு எதைக் கொண்டு பயிற்சி நடத்துவது?

கற்றல் குறைபாட்டைக் கண்டறிவதிலும் இதே சிக்கல்தான். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தை ஆங்கில வாசகத்தில் தடுமாறினால், அது டிஸ்லெக்சியாவா, மொழி புதிதாயிருப்பதா? ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் விடை தெரியாது. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் முதலில் வந்தது, இந்த உண்மையை உணர்ந்ததால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. பள்ளிகள் இக்குழந்தைகளை வேற்றுமையின்றிச் சேர்க்க வேண்டும். அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்ய வேண்டும். கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிய வேண்டும் என்கிறது அது. பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. அந்த நியாயம் ஆட்டிசம் உடைய தமிழ்க் குழந்தைக்கு மட்டும் பொருந்தாதா? தொடக்கப் பள்ளியில் இத்தகைய பத்து மாணவர்க்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அவ்வாசிரியர் குழந்தையின் மொழியில் நான்கு சொல்லாவது அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

இதற்கு எதிர்ப்புரைகள் உண்டு. "தில்லியில் வாழ்வதற்கு இந்தி வேண்டாமா?" என்பார் சிலர். வேண்டும், நன்றாக வேண்டும். விளையாட்டுத் தோழனோடு பேசவும், வழி கேட்கவும், நாளை வேலை பார்க்கவும் அது வேண்டும். தமிழ் மட்டும் போதும் என்பது என் கட்சியன்று. தமிழோடு சேர்த்து இந்தியைக் கொடுங்கள். தமிழைப் பறித்துவிட்டுக் கொடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. "பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாதே" என்பார் வேறு சிலர். உண்மைதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாளெல்லாம் பல குழந்தைகளோடு பாடுபடுகிறார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாதது அந்தத் தாயின் குற்றமாகிவிடுமா? "ஒருவனுக்காக நாற்பது பேர் படிப்பைக் கெடுப்பதா?" என்பது மூன்றாவது எதிர்ப்பு. முழக்கம் குறைந்த அறையில் நாற்பது பேருக்கும் பாடம் நன்றாகக் கேட்கும். சுவரில் ஒட்டிய பட அட்டவணை நாற்பது பேருக்கும் உதவும். அடி வாங்காமல் படிப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டதில்லை.

தோழர்களே, மாணவர்களாகிய நாம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நம்மால் செய்யக்கூடியவை நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மொழிபெயர்ப்பு. பயிற்சி நிலையங்கள் தாய்மாரிடம் கொடுத்தனுப்பும் வீட்டுப் பயிற்சிக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கின்றன. அவற்றைத் தாய்மார் பேசும் எளிய தமிழில் எழுதித் தருவது நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இரண்டாவது, உடன் செல்லுதல். பயிற்சியாளர் சொல்வதைத் தாய்க்கும், தாய் சொல்வதைப் பயிற்சியாளர்க்கும் எடுத்துச் சொல்ல ஒருவர் அருகிலிருந்தால் போதும். வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்கள் இத்தலைநகரில் எத்தனையோ பேர். ஜங்புராவிலிருந்த மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபோது பல குடும்பங்கள் தொலைதூர நரேலாவுக்குப் போக நேர்ந்தது. இடமும் வழியும் பழக்கமும் ஒரே நாளில் மாறினால் இத்தகைய குழந்தை எவ்வளவு கலங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கெல்லாம் நாம் போக வேண்டும்.

மூன்றாவது, தலைநகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தமிழ் கேட்கும் வகுப்பறைகள் அங்கே இருக்கின்றன. ஒரு வகுப்பறையின் முழக்கத்தை அளந்து, திரையும் மென்பலகையும் அமைத்து, மீண்டும் அளந்து காட்ட நம் அறிவியல் மாணவர்கள் முன்வந்தால் பள்ளி வேண்டாம் என்றா சொல்லும்?

நான்காவது, நம் சங்கத்தின் பொங்கல் விழா. கூடம் நிறையக் கூட்டம், நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி, பறையும் கைதட்டலும். அவற்றை நானும் விரும்புகிறவனே. ஆனால் ஆட்டிசம் உடைய பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த விழாவுக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் கேட்டதில்லை. வருகிற பொங்கலன்று முதல் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி இல்லாமல் நடத்துவோம். பக்கத்தில் ஒரு சிறு அறையில் பாய் விரித்து, விளக்கைத் தணித்து வைப்போம். நிகழ்ச்சி நிரலைப் படமாக வரைந்து வாயிலில் ஒட்டுவோம். பொங்கலை முதலில் அக்குழந்தைகளுக்குப் பரிமாறுவோம். வாய் திறந்து நன்றி சொல்லாத குழந்தையிடம் "மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்று யாரும் வற்புறுத்த வேண்டா.

இது சிறிய செயல்தான். ஆனால் சுற்றுப்புறம் என்பது இத்தகைய சிறிய செயல்களால் ஆனது. சட்டம் தில்லியில் இயற்றப்படுகிறது. பயிற்சி நிலையத்தில் சிகிச்சை நடக்கிறது. குழந்தையோ நம்மிடையேதான் வாழ்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். மறுத்துப் பேச விரும்புவோர் வந்து பேசுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன். ஆதரித்துப் பேச விரும்புவோர், கையைத் தூக்குவதோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.